கைத்தடி ஒன்று, பாம்பு மூன்று

வாசகர் கேள்வி – பதில்

குர்ஆனில் திரும்பத் திரும்ப வரும் சரித்திரங்களைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். வசன எண்களில் முதலாவது ஸூராவையும் (அத்தியாயத்தையும்) இரண்டாவது வசனத்தையும் குறிக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹில் இரவுக்கு ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கு) ஓதுவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பைப் பகலில் வாசித்துவிட்டுப் போவேன். மூஸா நபியின் கதை முதல் இரவே வந்தது. பிறகு 9, 16, 19, 20 என்று வந்துகொண்டே இருந்தது. ஒரே இடத்தில் சொல்லி முடித்திருந்தால் என்ன?
– வாசகர், மருதானை

பதில்: உங்கள் கணக்கு சரிதான், ஆனால் இன்னும் சில இரவுகள் விடுபட்டிருக்கின்றன. 11ஆம் ஜுஸ்உவில் யூனுஸ் ஸூரா, 15உம் 16உம் சேரும் இடத்தில் கஹ்ப், 24இல் ஃகாபிர், 30இல் அந்நாஸிஆத் என்று அங்கெல்லாமும் அவர் வருகிறார். மூஸா (அலை) அவர்களின் பெயர் குர்ஆனில் 136 தடவை வருகிறது. வேறு எந்த நபியின் பெயரும் இவ்வளவு தடவை வருவதில்லை.

இத்தனை இடங்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள். முழுக் கதை ஓரிடத்திலும் இல்லை. குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டது தாஹாவிலும் கஸஸிலும் மட்டும்தான். ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடியதும் மத்யன் கிணற்றடியில் இரு பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததும் விரிவாக வருவது கஸஸில். காளைக்கன்றைச் செய்த ஸாமிரியின் பெயர் தாஹாவில் மட்டும். கடலில் மூழ்கிய எகிப்து மன்னன் பிர்அவ்னின் உடல் பாதுகாக்கப்படும் என்ற செய்தி யூனுஸில் மட்டும் (10:92). பசுமாடு பகராவில், அறிவு கொடுக்கப்பட்ட அடியாரோடு போன பயணம் கஹ்பில், பிர்அவ்னின் வீட்டுக்குள்ளேயே ஈமானை (நம்பிக்கையை) மறைத்து வைத்திருந்த மனிதரின் பேச்சு ஃகாபிரில். உண்மையில் அடிக்கடி மீள்வது மூன்று கட்டங்கள்தாம்: நெருப்பைக் கண்ட இடம், சூனியக்காரரோடு நடந்த போட்டி, கடல். அவையும் எல்லா இடத்திலும் இல்லை. அந்நாஸிஆத் 12 வசனத்தில் (79:15–26) சரித்திரத்தை முடித்துவிடுகிறது. அதில் சூனியக்காரருமில்லை, கடலுமில்லை.

எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்பதை அந்தந்த ஸூராவின் தேவைதான் முடிவு செய்கிறது. கஸஸை எடுப்போம். 28:7இல் மூஸாவின் தாயாருக்கு இரண்டு ஏவல்: பாலூட்டு, ஆற்றில் போடு. இரண்டு விலக்கல்: பயப்படாதே, கவலைப்படாதே. இரண்டு வாக்கு: அவரை உன்னிடமே திருப்பித் தருவோம், அவரைத் தூதராக்குவோம். இதில் ‘திருப்பித் தருவோம்’ என்பதற்குரிய சொல் ‘ராத்தூஹு’. ஆறு வசனம் தள்ளி, ‘அவரைத் தாயிடம் திருப்பினோம்’ என்று அதே வேர்ச்சொல் வருகிறது. அதற்குப் பிறகு மூஸா ஊரைவிட்டு ஓடுகிறார், வருடக்கணக்கில் வெளியூரில் தங்குகிறார், திரும்புகிறார். ஸூரா முடியப் போகும் நேரத்தில் 85ஆம் வசனம் நபி (ஸல்) அவர்களைப் பார்த்துச் சொல்கிறது: குர்ஆனை உம்மீது கடமையாக்கியவன் உம்மை மீளுமிடத்துக்குத் திருப்பியே தீருவான், ‘லராத்துக’. அந்த மீளுமிடம் மக்காதான் என்பது தப்ஸீர்களில் (குர்ஆன் விளக்க நூல்களில்) பரவலாகக் காணப்படும் விளக்கம். 622இல் அவர்கள் மக்காவை விட்டுப் போனார்கள், 630இல் திரும்பி வந்தார்கள். தாய்மடியும் தப்பியோடலும் இந்த ஸூராவில் ஏன் இடம்பிடித்தன என்பது இப்போது விளங்கும்.

தாஹாவில் இழை வேறு. ‘நீர் துன்பப்படுவதற்காக இந்தக் குர்ஆனை இறக்கவில்லை’ என்று அது தொடங்குகிறது. பிறகு கைத்தடி பாம்பானபோது, பிர்அவ்னிடம் போகத் தயங்கியபோது, சூனியக்காரரின் கயிறுகள் நெளிந்தபோது, கடலைக் கடக்கும்போது என்று நாலு தடவை ‘பயம் வேண்டாம்’ என்ற பேச்சு வருகிறது (20:21, 46, 68, 77). பாத்திரம் மூஸாதான். ஆறுதல் போய்ச் சேரவேண்டியது மக்காவில் ஏச்சுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு. தூதர்களின் செய்திகளைச் சொல்வதே உமது உள்ளத்தை உறுதிப்படுத்தத்தான் என்று 11:120 வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

நடைமுறைக் காரணமும் ஒன்றுண்டு. இது 23 வருடங்களாகச் சிறுகச் சிறுக இறங்கி, வாயால் பரவிய வேதம். வெளியூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதி கிடைக்கும், இன்னொரு கூட்டத்துக்கு வேறொன்று. ஒரு சரித்திரம் ஓரிடத்தில் மட்டும் இருந்திருந்தால் ஒரு கோத்திரத்துக்கு மூஸாவின் செய்தி மட்டும், இன்னொன்றுக்கு ஈஸாவின் செய்தி மட்டும் என்றாகியிருக்கும். இதைச் சொன்னவர் பழைய அறிஞர் இப்னு குதைபா (மறைவு 889). வீட்டுக்கு வீடு அச்சுப் பிரதி இருக்கும் காலத்திலிருந்து பார்க்கும் நமக்கு இது சட்டென்று தோன்றாது.

கேள்வி: மூஸா நபியின் கைத்தடி மூன்று விதமான பாம்பானதாக ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டேன். என்னிடமுள்ள மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் ‘பாம்பு’ என்றுதானே இருக்கிறது? அரபு தெரியாதவர் இந்த வித்தியாசங்களை எப்படிப் பிடிப்பது?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: மூலத்தில் மூன்று சொற்கள். தாஹாவில் ‘ஹய்யத்’ (20:20). பொதுவாகப் பாம்பு என்பதற்குரிய சொல் இது. நம்லிலும் கஸஸிலும் ‘ஜான் போல’ (27:10, 28:31). ஜான் என்றால் விசுக்கென்று நெளிந்தோடும் சிறிய பாம்பு. அஃராபிலும் ஷுஅராவிலும் ‘ஸுஉபான்’ (7:107, 26:32), அதாவது பெரும்பாம்பு. இனி இடத்தைப் பாருங்கள். ஹய்யத்தும் ஜானும் மூஸா தனியே நின்ற பள்ளத்தாக்கில். ஸுஉபான் பிர்அவ்னின் சபையில். ‘ஜான்’ வரும் இரண்டு இடத்திலும் மூஸா திரும்பிப் பார்க்காமல் ஓடினார் என்று உடனே வருகிறது. ஓட வைத்தது அதன் வேகம். அரசனுக்கு முன்னால் வேண்டியிருந்தது பருமன். ஒரே பாம்புக்குப் பருமனும் இருந்தது, வேகமும் இருந்தது, அதனால்தான் ‘ஜான் போல’ என்று உவமையாக வந்தது என்று தப்ஸீர் ஆசிரியர்கள் இரண்டையும் பொருத்திக் காட்டுவார்கள்.

இன்னொரு உதாரணம்: பாறையை அடித்தபோது கிளம்பிய 12 ஊற்றுகள். பகராவில் ‘இன்ஃபஜரத்’, பீறிட்டுப் பாய்ந்தன (2:60). அஃராபில் ‘இன்பஜஸத்’, கசிந்து கிளம்பின (7:160). முதலாவதில் மூஸாவே தண்ணீர் கேட்டு இறைஞ்சுகிறார். மற்றதில் கூட்டத்தார் அவரிடம் கேட்கிறார்கள். நபியின் துஆவுக்குப் பாய்ச்சல், மக்களின் கேட்புக்குக் கசிவு என்று சிலர் விளக்குவர். முதலில் கசிந்து பிறகு பாய்ந்தது, இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு நேரம் என்பார் வேறு சிலர். இரண்டாவது விளக்கம்தான் நமக்கு இயல்பாகப் படுகிறது.

அரபு தெரியாவிட்டாலும் செய்யக்கூடியது இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூஸா நெருப்பைக் கண்ட இடம் தொடக்கத்துக்கு நல்லது: 20:9–24, 27:7–12, 28:29–35. ஒரு தாளை நீளவாட்டில் வைத்து மூன்று நிரல் போட்டு மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். கையால் எழுதுவது முக்கியம். கண் தாவிவிடும், கை தாவாது. பிறகு நாலு கேள்வி: யார் முதலில் பேசுகிறார்? எது ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டிருக்கிறது? இந்தப் பகுதிக்குச் சற்று முன் அந்த ஸூரா எதைப் பேசிக்கொண்டிருந்தது? ஸூரா எந்தப் பேச்சில் முடிகிறது? பலரும் தவறுவது ஓரிடத்தில். ஒரு நிரலை ஒரு மொழிபெயர்ப்பிலிருந்தும் அடுத்ததை இன்னொன்றிலிருந்தும் எடுப்பார்கள். அப்போது நீங்கள் ஒப்பிடுவது மொழிபெயர்ப்பாளர்களைத்தான். மூன்றுக்கும் ஒரே ஆளின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, வித்தியாசம் தட்டுப்படும் இடத்தில் மட்டும் அரபு தெரிந்த ஒருவரிடம் ‘மூலத்தில் சொல் ஒன்றா, வேறா?’ என்று கேளுங்கள். கேள்வி அவ்வளவு சிறிதாக இருந்தால் யாரும் பதில் சொல்வார்கள்.

கேள்வி: சூனியக்காரர்கள் ஸஜ்தாவில் விழுந்து ‘மூஸா, ஹாரூனின் இறைவன்’ என்றார்களா, ‘ஹாரூன், மூஸாவின் இறைவன்’ என்றார்களா? ஒரு பேச்சு இரண்டு விதமாக இருக்க முடியாதே?
– வாசகர், தெமட்டகொட

பதில்: அஃராபிலும் (7:122) ஷுஅராவிலும் (26:48) மூஸா முதலில். தாஹாவில் (20:70) அவரின் சகோதரர் ஹாரூன் முதலில். அந்த ஸூராக்களை வாய்விட்டு ஓதினால் ஒரு காரணம் காதிலேயே விழும். முதலிரண்டிலும் வசன இறுதிகள் ‘ஊன்’, ‘ஈன்’ என்று போகின்றன, ஆகவே ஹாரூன் கடைசியில். தாஹாவில் பெரும்பாலான வசனங்கள் ‘ஹுதா’, ‘தஸ்ஆ’ என ‘ஆ’வில் முடிவதால் மூஸா கடைசியில்.

ஓசைக்காக மட்டும் வரிசை மாறியது என்று சொல்வது வேதத்துக்குக் குறை என்று பழைய அறிஞர் சிலர் கருதினார்கள். பாகில்லானி (மறைவு 1013) அதை வேறு பக்கமாகத் திருப்பினார். ஒரே பொருளைக் கெடாமல் வெவ்வேறு சொல்லமைப்பில் திரும்பச் சொல்வதுதான் கடினம், சொல்வன்மை வெளிப்படுவது அங்கேதான் என்பது அவர் வாதம். ஓசையைக் காரணமாகச் சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை என்று நாம் நினைக்கிறோம். காதுக்காக இறங்கிய வேதத்தில் ஓசையும் பொருளின் பாதிதான்.

உங்கள் கேள்வியின் அடியில் இன்னொன்று இருக்கிறது. மூஸாவும் பிர்அவ்னும் சூனியக்காரர்களும் அரபு பேசியவர்களல்லர். குர்ஆன் தருவது அவர்கள் சொன்னதன் கருத்தை, அரபில். அதுவும் இது பல பேர் கூட்டமாகச் சொன்ன வாக்கியம். கருத்தை எடுத்துரைக்கும்போது சொல்வரிசை மாறுவது முரண்பாடு ஆகாது.

கேள்வி: நான் இந்து. அலுவலக நண்பர் அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஒலிக்கவிட்டபோது ஒரு வரி மீண்டும் மீண்டும் வந்தது. எங்கள் பாடல்களில் வரும் மகுடம் மாதிரியா அது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நல்ல காது உங்களுக்கு. ‘உங்கள் இரட்சகனின் அருட்கொடைகளில் எதை நீங்கள் இருவரும் பொய்யாக்குவீர்கள்?’ என்ற அந்த வரி 78 வசனங்களில் 31 தடவை வருகிறது. இருவர் என்றது மனிதரையும் ஜின்களையும். திருவெம்பாவையின் 20 பாட்டும் ‘ஏலோர் எம்பாவாய்’ என்று முடிவதைக் கேட்டுப் பழகியவருக்கு இது அந்நியமாக இராது. ஒரு வேற்றுமை உண்டு. இந்த வரி ஒரு கேள்வி. எதற்குப் பின்னால் வருகிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்கிறது. முத்துக்கும் பவளத்துக்கும் பின்னால் வந்தால் வியப்பு. நரகத்தைச் சொன்ன பின் வந்தால் அதே வரி குற்றப்பத்திரிகை. அல்முர்ஸலாத்தின் 50 வசனங்களில் ‘பொய்யாக்கியோருக்கு அந்நாளில் கேடுதான்’ என்பது 10 தடவை வரும். அங்கே நிறமே மாறாது, ஒரே இடி.

மகுடத்தின் வேலையை அருகிலிருந்து பார்க்க 227 வசனங்கள் கொண்ட அஷ்ஷுஅரா சிறந்த இடம். அங்கே இரண்டு வசனம் சேர்ந்து மகுடமாகிறது: ‘இதில் ஓர் அத்தாட்சி உண்டு, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. உமது இறைவன்தான் மிகைத்தவன், கருணையாளன்.’ இது 8 தடவை. முதல் தடவை பூமியில் முளைக்கும் பயிர்களைச் சொன்ன பின். மற்ற ஏழும் மூஸா, இப்ராஹீம், நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் ஆகியோரின் சரித்திரங்களுக்குப் பின். மூழ்கியவர்களுக்கு அவன் மிகைத்தவன், தப்பியவர்களுக்கு கருணையாளன். ஒரே முடிவில் இரண்டும் பொருந்த இரண்டு பெயர்.

கடைசி ஐவரும் ஒரே வார்ப்பில் பேச்சைத் தொடங்குகிறார்கள்: ‘அவர்களின் சகோதரர் நூஹ் கேட்டபோது, நீங்கள் அஞ்சமாட்டீர்களா? நான் உங்களுக்கு நம்பிக்கையான தூதர்…’ ஹூதுக்கும் ஸாலிஹுக்கும் லூத்துக்கும் அதே ‘அவர்களின் சகோதரர்’. ஐந்தாவதாக வரும் ஷுஐபுக்கு அந்தச் சொல் இல்லை, ‘ஷுஐப் அவர்களிடம் கேட்டபோது’ என்று மட்டும் (26:177). அஃராபில் இதே ஷுஐப் ‘மத்யனுக்கு அவர்களின் சகோதரர்’ (7:85). ஷுஅராவிலோ அந்த மக்கள் மத்யன் என்ற குலப்பெயரால் அல்ல, ‘ஐகாவாசிகள்’, தோப்புக்காரர், என்று அவர்கள் வணங்கிய மரத்தின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். குலத்தில் சகோதரர், மர வணக்கத்தில் அல்ல என்று தப்ஸீர் ஆசிரியர் இப்னு கஸீர் போன்றோர் விளக்குகிறார்கள். நாலு தடவை ஒரே சொல் வந்து காது பழகியிருக்காவிட்டால், ஐந்தாவது தடவை அது இல்லாதது யாருக்குத் தெரியும்?

கேள்வி: உயர்தர வகுப்பு மாணவி நான். எல்லா நபிமாரின் கதையும் பிரிந்து பிரிந்து வர, யூஸுப் நபியின் கதை மட்டும் ஏன் ஒரே ஸூராவில்? எதைக் காரணமாக எழுதலாம்?
– மாணவி, புதுக்கடை

பதில்: பழைய நூல்களில் சில காரணங்கள் கிடைக்கும். நபித்தோழர்கள் ஒரு முழுச் சரித்திரம் கேட்டார்கள், அதனால் முழுதாக இறங்கியது என்பது ஒன்று. மற்றக் கதைகள் அழிவில் முடிவதால் எச்சரிக்கைக்காக மீள்கின்றன, இது விடுதலையில் முடிகிறது என்பது இன்னொன்று. இவற்றை எழுதுங்கள். ஆனால் ஸூராவின் உள்ளிருந்தே ஒரு காரணம் காட்டினால் விடை கனக்கும். நாலாம் வசனத்தில் யூஸுப் கனவு காண்கிறார். அது நனவாவது 100ஆம் வசனத்தில். மொத்தம் 111 வசனங்கள். கனவுக்கும் பலனுக்கும் நடுவில் எங்கே வெட்டினாலும் முடிச்சு அவிழாமல் கிடக்கும்.

மீள்கூறல் இங்கே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அது ஸூராவுக்குள்ளேயே போயிருக்கிறது. சட்டையைப் பாருங்கள். பொய் இரத்தம் பூசிய சட்டை தந்தையை ஏமாற்றுகிறது (12:18). பின்புறம் கிழிந்த சட்டை உண்மையைக் காட்டுகிறது (12:25–28). முகத்தில் போடப்பட்ட சட்டை அதே தந்தைக்குப் பார்வையைத் தருகிறது (12:93–96). கனவுகளும் அப்படித்தான்: யூஸுபுடையது, சிறைக் கூட்டாளிகள் இருவருடையது, அரசனுடையது. வேறிடங்களில் யூஸுப் பற்றி வருவது பெயரும் ஒரு சிறு நினைவூட்டலும் மட்டுமே (6:84, 40:34).

கேள்வி: மாலை மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். பல ஸூராக்களிலிருந்தும் எடுத்து ஒரே கதையாகக் கோத்துச் சொல்வது பிழையா?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: சின்னப் பிள்ளைகளுக்குப் பிழையில்லை. பெரியவர்களுக்கான பயானில் வேண்டாம். உதாரணமாக அல்கமரில் நூஹ் நபியின் சரித்திரம் எட்டே வசனம் (54:9–16), வானத்தின் கதவுகள் திறந்து கொட்டுகிற வேகம். அந்த இடத்தில் மகன் மூழ்கியதையும் (அது ஹூத் ஸூராவில் மட்டும், 11:42–43) 950 வருடத்தையும் (அது 29:14இல் மட்டும்) கொண்டுவந்து செருகினால் ஓட்டம் நின்றுவிடும். 15 நிமிடப் பேச்சுக்கு ஒரு ஸூரா போதும். கோத்துச் சொல்லும்போது இடைவெளியை நிரப்ப வெளிச்சரக்கும் தானாக உள்ளே வந்துவிடும். சூனியக்காரர் எத்தனை பேர், பிர்அவ்னின் சொந்தப் பெயர் என்ன என்பதெல்லாம் குர்ஆனில் இல்லை. பிர்அவ்னின் மனைவி 66:11இல் வருகிறார், ஆனால் ஆஸியா என்ற பெயர் ஹதீஸிலிருந்து (நபிமொழியிலிருந்து) வந்தது. ‘இது குர்ஆனில், இது ஹதீஸில், இது கதை நூல்களில்’ என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் ஹிப்ழ் (குர்ஆன் மனனம்) செய்கிறான். அஃராபில் சூனியக்காரர் பகுதியை ஓதத் தொடங்கி, தன்னை அறியாமல் ஷுஅராவுக்குத் தாவி அங்கேயே முடித்துவிடுகிறான். ஞாபகசக்தி குறைவா?
– ஒரு தாய், மாளிகாவத்தை

பதில்: சகோதரிக்கு, பிள்ளையை ஏசாதீர்கள். நன்றாக மனனமானவருக்குத்தான் இந்தத் தாவல் வரும். அரைகுறையாகப் பாடம் செய்தவர் தாவமாட்டார், நின்றுவிடுவார். முதஷாபிஹ், அதாவது ஒத்த வசனம் என்பது ஹாபிழ்களின் (குர்ஆனை மனனம் செய்தோரின்) மிகப் பழைய தலைவலி. இதற்கென்றே அலமுத்தீன் அஸ்ஸகாவி (மறைவு 1245) பாட்டாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பகுதிக்கு (7:109–124, 26:34–49) ஒரு பிடி உண்டு: கூடுதல் ஷுஅராவில். குர்ஆனை ஓதும் முறைகளில் நாம் ஓதும் ஹப்ஸ் ஓதலில் பாருங்கள். ‘உங்கள் நாட்டிலிருந்து வெளியேற்ற நாடுகிறார்’ என்பதில் ஷுஅராவில் ‘பிஸிஹ்ரிஹி’ (தன் சூனியத்தால்) கூடுதல். அஃராபில் ‘ஸாஹிர்’, ஷுஅராவில் அழுத்தமான ‘ஸஹ்ஹார்’. கூலி கேட்குமிடத்தில் அஃராபில் ‘இன்ன லனா’, ஷுஅராவில் கேள்வி ஏறி ‘அஇன்ன லனா’. பிர்அவ்னின் பதிலில் ஷுஅராவில் மட்டும் ‘இதன்’ (அப்படியானால்) என்ற அரபுச் சொல். காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்காது. ஷுஅராவில் இதற்கு முன் மூஸாவும் பிர்அவ்னும் நீளமாக வாதாடி, சிறையில் போடுவேன் என்ற மிரட்டல் வரை போயிருக்கிறது. பேச்சில் சூடு ஏறிவிட்டது. அதனால்தான் ‘இவர் தேர்ந்த சூனியக்காரர்’ என்று அஃராபில் பிரதானிகள் சொல்ல, ஷுஅராவில் பிர்அவ்ன் தானே சொல்கிறான்.

பிடி பொருந்தாத இடங்களையும் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிடியே காலை வாரும். ‘அவரை நம்பிவிட்டீர்களா’ என்ற இடத்தில் அஃராபில்தான் ‘கால பிர்அவ்னு’ (பிர்அவ்ன் சொன்னான்) என்று பெயர் வருகிறது, ஷுஅராவில் வெறும் ‘கால’. ‘அவரை’ என்பதற்கு அஃராபில் ‘பிஹி’, ஷுஅராவில் ‘லஹு’. சிலுவை மிரட்டலில் அஃராபில் ‘ஸும்ம’ (பிறகு), ஷுஅராவில் ‘வ’ (மேலும்).

பயிற்சி இப்படி இருக்கட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் பாடம் செய்ய விடவேண்டாம். ஒன்று கல்லாக உறைந்த பிறகு மற்றது. குர்ஆன் பிரதியை மாற்றவேண்டாம். பக்கத்தில் எந்த மூலையில் வசனம் இருக்கிறது என்பதும் ஞாபகத்தின் பகுதி. பிரியும் சொல்லுக்குப் பக்க ஓரத்தில் பென்சிலால் சிறு புள்ளி போதும், மையால் வேண்டாம். பிறகு முழுப் பகுதியையும் ஓதச் சொல்லாமல், புள்ளிக்கு மூன்று சொல் முன்னாலிருந்து மூன்று சொல் பின்னால் வரை மட்டும் பத்துத் தடவை. முழுப் பகுதியையும் நூறு தடவை ஓதினாலும் தாவும் இடத்தில் அதே வேகத்தோடு தாவும்.

பிற்காலத்தில் தொழுகை நடத்தும்போது தாவினால், பின்னால் நிற்கும் ஹாபிழ் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். முழு வசனத்தையும் சத்தமாக ஓதிக் காட்டினால் அது எந்த ஸூராவின் வசனம் என்று இமாம் இன்னும் குழம்புவார்.